பேறுகாலத்தில் நன்றி யார் மீது கடன்?

ஒரு வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்துவிட்டால் அந்த வீட்டின் முகமே மாறிவிடுகிறது. மாமியார் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். மாமனார் பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லி மகிழ்கிறார். சம்பந்தி வீட்டுக்குத் தகவல் போகிறது. பிறக்கப் போவது ஆணோ பெண்ணோ, இரண்டுக்கும் பெயர்கூடத் தயாராகிவிடுகிறது. இத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவில், விளக்கணைத்த பிறகு அந்தப் பெண் ஒருத்தி மட்டும் தூங்காமல் கிடக்கிறாள். அவளுக்கு அச்சம். வலியை நினைத்து அச்சம். ஆஸ்பத்திரியை நினைத்து அச்சம். உயிரையே நினைத்து அச்சம். அதை வெளியே சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளையில்லாமல் எத்தனையோ பேர் ஏங்குகிறார்கள், உனக்கு அல்லாஹ் கொடுத்திருக்கிறான், ஷுக்ரு செய், பயம் போய்விடும் என்பார்கள்.

இந்தப் பதில் சரிதானா என்பதையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம். நன்றியறிதல் அச்சத்தைத் தணிக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நன்றி என்றால் என்ன? அஞ்சிக் கிடக்கும் ஒருத்தியிடம் அதைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? பேறுகாலத்தில் நன்றி செலுத்த வேண்டியவர் அவள் ஒருத்திதானா? இவற்றைத் தெளிந்துகொள்ளாமல் ஷுக்ரு செய் என்று சொல்வது, நல்ல மருந்தை அளவு தெரியாமல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

பேறுகால அச்சத்தை ஈமானின் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் கெடா மாநிலத்தின் பழைய நிலையைச் சற்றே நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். ரப்பர் தோட்டங்கள் பெருகியிருந்த காலத்தில் பெரிய தோட்டங்களில் மட்டும் ஒரு சிறு ஆஸ்பத்திரியும், அதற்கு ஒரு டிரெஸரும் இருந்தார்கள். மற்ற இடங்களில் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கொளியில், பக்கத்து வீட்டுப் பாட்டியோ கம்பத்து மருத்துவச்சியோ பிள்ளை எடுத்தார்கள். கை ராசியுள்ள மருத்துவச்சிகள் பலர் இருந்தனர். ஆனால் இரத்தப் போக்கு நிற்காமல் போனாலும், பிள்ளை குறுக்கே கிடந்தாலும், ஜன்னி கண்டாலும் கை ராசி ஒன்றும் செய்யாது. செம்மண் சாலையில் லாரி ஏறிச் சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். மலாயா சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,00,000 குழந்தைக்கும் ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். ஆகவே நம் பாட்டிமார்கள் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. அவர்களுடைய அச்சம் பாட்டி வழியாகத் தாய்க்கும், தாய் வழியாக மகளுக்கும் கதையாக இறங்கி வந்திருக்கிறது.

இன்றைய நிலை அதுவன்று. 2010-க்குப் பிந்திய பத்தாண்டில் அந்த 280 என்ற எண் முப்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2021-இல் அது ஏறியது. இறங்கிய எண் மறுபடி ஏறவும் கூடும் என்பதற்கு அதுவே சாட்சி. எண் இறங்கியது தானாக நடந்ததன்று. சுதந்திரத்துக்குப் பின் நாட்டுப்புறமெங்கும் தாய் சேய் நல நிலையங்களும் மருத்துவச்சி கிளினிக்குகளும் எழுந்தன. 1966-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. கம்பத்து மருத்துவச்சிகளும் பதிவு செய்யப்பட்டுச் சுத்தமான முறையில் பிள்ளை எடுக்கப் பழக்கப்பட்டார்கள். 1991 முதல் நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் அதிகாரபூர்வமாக விசாரித்து, எங்கே தவறியது என்று ஆராயும் முறை ஏற்பட்டது. அந்த விசாரணையின் நோக்கம் யாரையும் தண்டிப்பதன்று. அடுத்த தாயைக் காப்பாற்றுவது. கெடா மண்ணில் பிறந்தவர்களுக்கு டாக்டர் சித்தி ஹஸ்மாவின் பெயர் தெரியாமலிராது. 1955-இல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் மலாய்ப் பெண்களில் அவரும் ஒருவர். தாய் சேய் நலப் பணியில் உழைத்து, 1974-இல் மாநிலத் தாய் சேய் நல அதிகாரியாக நியமிக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. இப்படிப் பெயர் தெரிந்தவர் ஒருவரானால், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கம்பம் கம்பமாகப் போய்ப் பெயர் தெரியாமலே ஓய்வு பெற்ற மிஸ்ஸிகளும் மருத்துவச்சிகளும் எத்தனை பேர்!

ஆபத்து இத்தனை குறைந்தும் அச்சம் ஏன் குறையவில்லை என்று கேட்கலாம். அச்சத்துக்கு வேர் ஒன்றன்று. ஒருத்திக்கு வலி பற்றிய அச்சம். ஒருத்திக்குக் கத்தி வைத்துவிடுவார்களோ என்ற அச்சம். அந்நியர் முன் உடல் திறந்து கிடப்பதை எண்ணி ஒருத்தி கூசுகிறாள். நம் சமூகத்தில் நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் மணமாகி இங்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். பெற்ற தாய் கடலுக்கு அப்பால் இருக்கிறாள். பிரசவ அறையில் நர்ஸ் மலாயில் சொல்வது அவர்களுக்கு விளங்குவதில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் கூடுதல் என்ற கவலை வேறு. முதற் பிரசவத்தில் பட்ட பாட்டை மறக்க முடியாத பெண்ணின் அச்சமோ இவை எல்லாவற்றையும்விடக் கனமானது.

மருத்துவ உலகமும் இதை விளையாட்டாக எண்ணவில்லை. இங்கிலாந்தில் டாக்டர் கிரான்ட்லி டிக்-ரீட் என்பவர் 1933-இலேயே இது பற்றி ஒரு நூல் எழுதினார். அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்பது அவர் கண்ட கருத்து. அவர் சொன்ன யாவற்றையும் இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை; ஆயினும் அஞ்சுகிறவளின் மனத்தைக் கவனியாமல் உடலை மட்டும் கவனித்தல் போதாது என்பதை ஏற்கிறார்கள். கர்ப்பத்தையே தவிர்க்கும் அளவுக்கு முற்றிய பேறுகால அச்சத்தைப் பற்றி ஹாஃப்பெர்க், பிராக்கிங்டன் என்ற இரு மருத்துவர்கள் 2000-இல் விரிவாக எழுதினார்கள். அதற்கு டோக்கோஃபோபியா என்று பெயர்.

நன்றி என்ற பெயரால் சொல்லப்படுவன

அஞ்சும் பெண்ணுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்களை இப்போது எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பிள்ளையில்லாதவர்களை நினைத்துப் பார் என்பது. பிறருடைய துக்கத்தின் மேல் நம் நன்றியைக் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! பிள்ளையில்லாத சகோதரி பக்கத்து வீட்டில் இருக்கலாம். அவள் காதிலும் இந்தச் சொல் விழலாம். அன்றியும், இதைக் கேட்ட கர்ப்பிணிக்கு அச்சம் போவதில்லை. அச்சத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. முன்பு ஒரு சுமை, இப்போது இரண்டு.

இரண்டாவது, நாங்கள் பத்துப் பெறவில்லையா என்பது. உண்மைதான், பெற்றார்கள். பெற்ற பத்தில் எத்தனை தங்கின என்பதையும், உடன் பிறந்தவர்களில் யார் யார் பிள்ளைப்பேற்றில் போய்விட்டார்கள் என்பதையும் அந்தப் பெரியம்மாவையே பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டால் அவரும் கண் கலங்குவார். அஞ்சாமல் பெற்றவர்கள் அல்லர் அவர்கள். அச்சத்தைச் சொல்ல இடமில்லாமல் பெற்றவர்கள்.

மூன்றாவது, பிள்ளைப்பேற்றில் இறந்தால் ஷஹீது என்பது. பேறுகாலத்தில் உயிர் நீத்த பெண்ணுக்கு அந்த உயர்ந்த பதவி உண்டு என்பது ஹதீதில் வந்த செய்தி. அதில் நாம் வாதிடவில்லை. ஆனால் அது யாருக்கு ஆறுதல்? பறிகொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு ஆறுதல். உயிரோடு, உயிரை நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பவளிடம் அதைச் சொல்வது அவள் அச்சத்துக்கு நாமே சாட்சி சொல்வதாகும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டிய வேளையில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது அதைவிடக் கொடிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நன்றி என்ற சொல்லைக் கொண்டு நாம் அவள் வாயை அடைக்கிறோம். வாய் அடைபட்ட அச்சம் மறைவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த பதில்

திருக்குர்ஆனில் பிரசவ வேதனை வெளிப்படையாகச் சொல்லப்படும் இடம் மர்யம் அத்தியாயம். பெண்களுக்கெல்லாம் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் பெருமாட்டியை வேதனை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்பே நான் இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்ற கருத்தில் அவர்கள் வாய்விட்டுப் புலம்பினார்கள். நாம் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? இப்படியெல்லாம் பேசலாமா, நன்றி கெட்ட பேச்சல்லவா என்றிருப்போம்.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பதிலில் கண்டனம் ஒரு சொல்கூட இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற குரல் வந்தது. கூடவே, காலடியில் ஓடை இருப்பதும், மரத்தை அசைத்தால் பழுத்த கனிகள் விழும் என்பதும் அறிவிக்கப்பட்டன. உண்ணவும், பருகவும், கண் குளிரவும் சொல்லப்பட்டது. அச்சத்தைப் பேச விட்டபின், தண்ணீர், உணவு, அருகில் ஓர் ஆறுதற் குரல் ஆகிய மூன்றும் வந்தன. அஞ்சும் பெண்ணிடம் பேசும் முறையை இதைவிடத் தெளிவாக யார் கற்பிக்க முடியும்?

லுக்மான் அத்தியாயத்தில் கர்ப்பத்தையும் நன்றியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் இடம் ஒன்று உண்டு. தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்தாள், பால் மறக்கடிக்க ஈராண்டு ஆயிற்று என்று எடுத்துச் சொல்லி, ஆகவே எனக்கும் உன் பெற்றோருக்கும் நன்றி செலுத்து என்று கட்டளை வருகிறது. இந்தக் கட்டளை யாருக்கு? நாம் இதைப் பலமுறை ஓதியிருக்கிறோம். நின்று கவனித்தவர்கள் எத்தனை பேர்? சுமந்துகொண்டிருக்கும் தாயைப் பார்த்து இது சொல்லப்படவில்லை. சுமக்கப்பட்டவனைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. ஒரு தாயின் வயிற்றிலிருந்து வந்த நம் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லப்படுகிறது.

ஆகவே பேறுகாலத்தில் நன்றி முதலில் நம்மீது கடன். அந்தக் கடனை நாம் தீர்க்காமல் இருந்துகொண்டு, சுமக்கிறவளைப் பார்த்து ஷுக்ரு செய் என்பது, கடன்பட்டவன் கடன் கொடுத்தவனிடம் வட்டி கேட்பது போலாகும்.

நன்றிக்கு மூன்று படிகள்

அப்படியானால் அந்தப் பெண் நன்றியறிதலைப் பழகவேண்டியதில்லையா? பழகலாம், பழகினால் அவளுக்கே நன்மை. ஆனால் அது எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். இஹ்யா உலூமித்தீன் நூலில் பொறுமையையும் நன்றியையும் பற்றி ஒரு தனிப் பகுதி உண்டு. ஷுக்ரு என்பது அறிவு, மனநிலை, செயல் ஆகிய மூன்றாலும் ஆனது என்று அங்கே விளக்குகிறார்கள். அருட்கொடை இன்னது, அது யாரிடமிருந்து வந்தது என்று தெரிவது அறிவு. அந்த அறிவினால் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி மனநிலை. கொடை எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வழியில் அதைப் பயன்படுத்துவது செயல். நாவால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வது நன்றியில் ஒரு பகுதி. அதுவே முழு நன்றியாகிவிடாது.

இதைப் பேறுகாலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலில் அறிவு. தனக்கு என்னென்ன உதவி இருக்கிறது என்று தெரியாதவள் எதற்கு நன்றி செலுத்துவாள்? கிளினிக்கில் கர்ப்பிணியின் புத்தகத்தில் ஒட்டும் வண்ணக் குறியின் பொருள் அவளுக்குத் தெரியவேண்டும். வெள்ளை என்றால் இப்போதைக்குச் சிக்கல் ஒன்றும் காணப்படவில்லை. பச்சையும் மஞ்சளும் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பவை. அவற்றில் மஞ்சளுக்கு டாக்டரின் பார்வை அவசியம். சிவப்பு என்றால் தாமதமின்றி ஆஸ்பத்திரி. இரத்தம் படுதல், கடுந்தலைவலியுடன் பார்வை மங்குதல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு நாலைந்து மலாய்ச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும். சாக்கிட் என்றால் வலி. தாரிக் நாபாஸ் என்றால் மூச்சை இழு. தெரான் என்றால் முக்கு. இந்த மூன்று சொற்கள் அவளுடைய அச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். இருட்டில் கிடந்த அச்சத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால், அது தன் உண்மையான அளவுக்குச் சுருங்கிவிடும்.

அடுத்தது மனநிலை. இரவில் இஷாத் தொழுகைக்கான வேளைக்குப் பிறகு சிறிது நேரம் ஒதுக்கலாம். அன்று மனத்தை அழுத்திய அச்சம் ஒன்றை முதலில் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கணவரிடமோ, மாமியிடமோ, தாயிடமோ சொல்லலாம். யாரிடமும் வாய் வராவிட்டால் ஒரு நோட்டில் எழுதலாம். அதன் பிறகு அன்றைக்குக் கிடைத்த நன்மை இரண்டு மூன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் நன்றி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மனத்தில் ஒன்றும் தங்காது. இன்று பிற்பகலில் பிள்ளை நாலுமுறை உதைத்தது, பக்கத்து வீட்டு மலாய் அம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார், கிளினிக் நர்ஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று துலக்கமாக நினைக்கவேண்டும். அச்சத்தைச் சொல்லாமல் நன்மையை மட்டும் சொன்னால் அது நடிப்பாகும். நன்மையை நினையாமல் அச்சத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது வளர்ந்துவிடும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகினால், அச்சம் இருக்கும்போதே உள்ளத்தில் மற்றவற்றுக்கும் இடம் உண்டு என்பது தானே தெரியவரும்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. 2003-இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளநூலார் சிலரை வாரம் ஒருமுறை தாம் நன்றியுடன் நினைக்கும் ஐந்து விஷயங்களை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரைத் தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் சென்றபின், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்வைப் பற்றிக் கூடுதல் நிறைவுடன் இருந்ததைக் கண்டார்கள். அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சியில், கர்ப்பிணிகள் சிலர் நன்றிக் குறிப்பெழுதி, அமைதியாக உடலைக் கவனிக்கும் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுடைய மன அழுத்தம் குறைந்தது. இவை பெரிய அத்தாட்சிகள் அல்ல. பேறுகால அச்சத்தை இது நிச்சயம் நீக்கிவிடும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். பாரத்தைச் சிறிது இலேசாக்கும் என்று சொல்லலாம். இரவில் சிறிது இலேசாவதன் அருமை தூங்காதவளுக்குத் தெரியும்.

மூன்றாவது செயல். இரும்புச் சத்து மாத்திரையை மறவாமல் விழுங்குவதும், குறித்த நாளில் கிளினிக்குக்குப் போவதும், சோர்ந்தால் கூச்சப்படாமல் படுப்பதும் நன்றியின் செயல்களே. உடல் ஓர் அமானிதம். அதனுள் இப்போது இன்னோர் அமானிதம். இரண்டையும் பேணுகிறவள் தஸ்பீஹ் மணியைக் கையில் எடுக்காத நேரத்திலும் ஷுக்ரு செய்துகொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டாரின் நன்றி

இனி நம் கடனுக்கு வருவோம். மக்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகான் என்ற கருத்தில் ஹதீது உண்டு. இந்த ஒன்றே போதும், நம் வீட்டு ஆண்களையும் மாமியார்களையும் நிறுத்தி யோசிக்க வைக்க.

கணவர் செய்யக்கூடியது யாது? ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாய், எந்த வண்டியில், எத்தனை நேரத்தில் போகலாம் என்று பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாலிங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தின் உட்புறம் இருப்பவருக்கும், கூலிம் பட்டணத்தில் கடை மேல்மாடியில் இருப்பவருக்கும் தூரம் ஒன்றன்று. நடுநிசியில் யாரை எழுப்புவது என்று அப்போது யோசிப்பதைவிட இப்போதே அண்டை வீட்டாரிடம் சொல்லி வைக்கலாம். கட்டணம் எவ்வளவு ஆகும் என்று ஆஸ்பத்திரியிலேயே முன்கூட்டிக் கேட்டுப் பணத்தைத் தனியே எடுத்து வைக்கலாம். பிரசவ அறையில் உடனிருக்க அனுமதி உண்டா என்று விசாரிக்கலாம். பிரசவம் முடியும்வரை ஒருவர் விடாமல் உடனிருந்து தேற்றுவது பற்றிப் பல நாடுகளில் நடந்த 26 ஆராய்ச்சிகளை 2017-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் சேர்ந்த பெண்கள் 15,000-க்கும் மேற்பட்டவர்கள். உடன் ஆள் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும், அறுவை குறைவாகவும், வலிநேரம் சற்றுக் குறுகியும் இருந்ததைக் கண்டார்கள். உடனிருப்பவர் செய்வது பெரும்பாலும் கையைப் பிடித்துக்கொள்வதும் நல்ல வார்த்தை சொல்வதுந்தான்.

நம்மவரில் முதலாளிகளும் பலர் இருக்கிறார்கள். உணவுக்கடை, மளிகைக்கடை, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. மணமான ஆண் தொழிலாளிக்கும் மனைவியின் பிரசவத்துக்காகத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அவர் அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும், முன்னறிவிப்பும் கொடுக்கவேண்டும். சட்டம் கொடுக்கச் சொன்னதை முகம் சுளித்துக் கொடுப்பவரும் உண்டு. இன்முகத்துடன் கொடுத்து, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பவரும் உண்டு. இரண்டாமவரின் கடையில் பரக்கத்து நிறைவதை நாம் கண்டிருக்கிறோம்.

மாமியார் செய்யக்கூடியதோ மற்ற எல்லாரும் செய்வதைவிடப் பெரிது. தாம் அஞ்சிய கதையைச் சொல்லலாம். நானும் உன் வயதில் இரவெல்லாம் அழுதேன் மகளே என்று ஒரு மாமி சொல்லிவிட்டால், அந்த மருமகளுக்கு அதைவிடப் பெரிய மருந்து வேண்டியதில்லை. பயங்கரக் கதைகளைச் சொல்ல வருகிற விருந்தாளிகளை வாசலிலேயே திசை திருப்பவும் அவரால்தான் முடியும்.

இரண்டு ஆட்சேபங்கள்

அச்சத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அது வளர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். திரும்பத் திரும்பத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தால் வளரும். கேட்க ஒருவர் இருந்து, கேட்டபின் செய்ய ஒரு காரியமும் இருந்தால் குறையும். வழியில் வண்டி கிடைக்காதோ என்ற அச்சத்துக்கு வண்டி பேசி வைப்பதே விடை.

இவ்வளவு கொஞ்சினால் பெண்கள் மனவலிமை இழந்துவிடமாட்டார்களா என்று வேறு சிலர் கேட்கலாம். மனவலிமை என்பது தனியே விடப்பட்டதால் வருவதன்று. தன்னைத் தாங்க ஆள் உண்டு என்று அறிந்தவளே துணிந்து நிற்பாள். போருக்குப் போகிறவனுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னோர் உயிரைத் தரப் போகிறவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்பது அதிகமா?

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தூக்கமும் உணவும் அறவே கெட்டுப் போகும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தால், அல்லது பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்காய் அழுகையும் வெறுமையும் நீங்காதிருந்தால், அது நோய். அதற்கு நன்றிப் பயிற்சி வைத்தியமாகாது. டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறவர் ஈமான் குறைந்தவர் ஆகாதது போலவே இதற்குப் போகிறவரும் ஆகமாட்டார். முன்பு பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவள் தானாக விரும்பும் நாள் வந்தால் வரட்டும். அதுவரை பக்கத்தில் இருந்தால் போதும்.

நன்றியறிதலைப் பற்றி நாம் முடிவாகச் சொல்வது இதுதான். உண்மை நன்றி கையிலும் காலிலும் தெரியும். அது தண்ணீர் கொண்டு வரும், மாத்திரையை நினைவூட்டும், வண்டியைத் தயாராக நிறுத்தும், இரவில் எழுந்து விளக்கைப் போடும். அத்தகைய நன்றி ஒரு வீட்டில் நடமாடினால், அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் ஷுக்ரு செய் என்று சொல்லவேண்டியிராது. அவள் உள்ளம் அதைத் தானே சொல்லும்.

நம் மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்றிரவு அஞ்சிக்கொண்டு விழித்திருக்கும் ஒவ்வொரு தாயின் அருகிலும், அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க ஒருவர் இருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் அவர்களுக்குச் சுகப்பிரசவத்தையும், நமக்கு நம் கடனை உணரும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.